புதுக் கிட்டாரும் பரண்மேல் வீணையும்

பதிவு கொஞ்சம் நீளம். வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்திக்கு முழுப் பரீட்சை விடுமுறையில் ஒரு கிட்டார் வாங்கினோம். கரண்ட் தேவைப்படாத, மர உடம்புள்ள அக்கூஸ்டிக் கிட்டார். வெளியூர்க் கடையில் வாங்கி, அட்டைப் பெட்டியோடு பஸ்ஸில் கொண்டுவந்தோம். முதல் வாரம் வீடே அதிர்ந்தது. மூன்றாவது வாரம் கிட்டார் பீரோவுக்குப் பக்கத்தில் சாய்ந்துவிட்டது. கேட்டால், விரல் நுனியைக் காட்டினாள். சிவந்து தடித்திருந்தது.

"எனக்கு வராது ஐயா. மத்தவங்களுக்கெல்லாம் ஈசியா வருது" என்றாள்.

இந்த "வராது" என்ற சொல்லை எங்கள் வீட்டில் நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். சொன்னவன் நான்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

காரைக்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சமையலும், பெரிய வீடுகளும், ஆத்தங்குடிக் கல்லும்தான் ஞாபகம் வரும். ஆனால் நூறு வருஷத்துக்கு முன் சங்கீத உலகத்தில் "காரைக்குடி" என்றால் வீணை. புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்து வீணைக் குடும்பத்தில் பிறந்து, இங்கே வந்து தங்கி, ஊர்ப் பெயரையே தங்கள் பெயராக்கிக்கொண்டவர்கள் காரைக்குடி சகோதரர்கள். மூத்தவர் சுப்பராம ஐயர், இளையவர் சாம்பசிவ ஐயர். தம்பி எல்லோரையும்போல் வீணையைப் படுக்கவைத்து வாசிப்பார். அண்ணன் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். 1936-ல் அண்ணன் காலமானார். தம்பி சங்கீத கலாநிதி ஆனார், பிற்காலத்தில் கலாக்ஷேத்திராவில் கற்பித்தார். 1952-ல் மத்திய சங்கீத நாடக அகாதமி முதன்முதலாக விருது கொடுத்தபோது பெற்றவர்களில் இரண்டு பேர் நம் பக்கத்துக்காரர்கள். ஒருவர் சாம்பசிவ ஐயர். இன்னொருவர், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்.

அந்தப் பெருமையின் வாசனை எங்கள் சிறுவயதிலும் ஊரில் இருந்தது. வசதியுள்ள வீடுகளில் பெண் பிள்ளைக்கு வீணை சொல்லிக்கொடுப்பார்கள். எங்களுக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனாலும் 1967-ல் அப்பா கடன் வாங்கி என் தங்கைக்கு ஒரு தஞ்சாவூர் வீணை வாங்கினார். அவளுக்கு அப்போது 12 வயது.

வீணையை அருகில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பு பலாமரம். ஒரு பக்கம் குடம், நடுவில் தண்டி, மறுபக்கம் யாளி முகம், அதன் கீழே சுரைக்குடுக்கை. வாசிக்கும் தந்தி 4, தாளத்துக்கு 3. தண்டியின் மேல் வரிசையாக 24 மெட்டுகள். ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயி. உலோகத்தால் ஆன அந்த மெட்டுகள் நேராக மரத்தில் அடிக்கப்பட்டவை அல்ல. தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகில் பதிக்கப்பட்டவை.

ஏன் மெழுகு? ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு, மயிரிழை அளவு தள்ளித் தள்ளி, சுருதி சரியாக விழும் இடத்தில் நிறுத்துவதற்காக. இதற்கு "மேளம் கட்டுதல்" என்று பெயர். கல்யாண மேளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சுரங்களை அந்தந்த இடத்தில் கட்டி வைப்பதுதான் இந்த மேளம். முற்காலத்தில் வாசிக்கும் ராகத்துக்குத் தக்கபடி மெட்டை மாற்றி வைக்கும் வீணைகளும் இருந்தன. எல்லா ராகத்துக்கும் பொதுவாக 24 மெட்டுகளை நிலையாகப் பதித்த இன்றைய வடிவத்தை, தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கரின் காலத்தோடும், அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரோடும் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

மெழுகுக்கு ஒரு குணம் உண்டு. வெயிலில் இளகும். காரைக்குடிச் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மெட்டு ஒரு நூல் சாயும், சுரம் பிசகும். அதனால் வீணைக்கு அவ்வப்போது திரும்ப மேளம் கட்ட வேண்டும். எங்கள் தெருவுக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வருவார். வாசலில் ஜமுக்காளம் விரித்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கட்டிவிட்டுப் போவார். இரண்டாவது வருஷம் அப்பா அவரைக் கூப்பிடவில்லை. கடன் இன்னும் அடையவில்லை.

அந்த வருஷம் தங்கை வாசித்தது எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. எப்போதும் பிசிறு, எப்போதும் அபஸ்வரம். 17 வயது அண்ணன் நான், பெரிய ரசிகன் மாதிரி, "உனக்கெல்லாம் இது வராது, விட்டுரு" என்றேன். விட்டுவிட்டாள். வீணை பரணுக்குப் போனது. பிசகியது அவள் கையா, மெட்டா என்று அன்று யாருமே கேட்கவில்லை.

இனி கிட்டாருக்கு வருவோம்.

கிட்டாரின் மெட்டை ஃப்ரெட் என்கிறார்கள். அது காதால் வைக்கப்பட்டதல்ல, கணக்கால் வைக்கப்பட்டது. 1581-ல் இத்தாலியில் வின்சென்சோ கலிலி என்ற லூட் வாத்தியக் கலைஞர் தம் இசை நூலில் ஒரு விதியை எடுத்துச் சொன்னார். தந்தியின் நீளத்தை 18 பங்காக்கு, ஒரு பங்கு தள்ளி முதல் மெட்டை வை, மீதியை மறுபடி 18 பங்காக்கு, ஒரு பங்கு தள்ளி இரண்டாவதை வை. இப்படியே போகவேண்டியதுதான். இவருடைய மகனை உங்களுக்குத் தெரியும். தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்த கலிலியோ.

இன்றைய கிட்டார் செய்பவர்கள் 18-க்குப் பதில் 17.817 என்ற எண்ணால் வகுக்கிறார்கள். தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்றால் முதல் மெட்டு 36.5 மில்லிமீட்டரில் வரும். 12-ஆவது மெட்டு சரிபாதியான 325-ல். பேத்தியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். அப்படியே இருந்தது. கணக்கு வாத்தியாருக்கு இதைவிட என்ன சந்தோஷம்!

ஆனால் இதில் ஒரு சமரசமும் இருக்கிறது. தந்தியின் ஐந்தில் நான்கு பங்கு அதிர்ந்தால் இயற்கையான அந்தர காந்தாரம் பிறக்கும். அதற்கான இடம் 130 மில்லிமீட்டர். கிட்டாரின் நான்காவது மெட்டோ 134-ல் இருக்கிறது. எந்தச் சுரத்திலிருந்து தொடங்கினாலும் ஒரேபோல ஒலிக்கவேண்டும் என்பதற்காக எல்லாச் சுரங்களையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வைத்த ஏற்பாடு அது. ஹார்மோனியத்திலும் சுரங்கள் இப்படி அசையாமல் நிற்பவைதான். கமகத்துக்கு வளையாது என்று அதை அகில இந்திய வானொலி 1940-ல் விலக்கி வைத்தது. 1971 வாக்கில்தான் அந்தத் தடை தளர்ந்தது. கிட்டாருக்கு அந்தத் தலைவிதி வரவில்லை, காரணம் தந்தியை இழுக்கலாம். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பதுபோலவே கிட்டாரிலும் பிடித்து, சுகுமார் பிரசாத், பிரசன்னா போன்றவர்கள் கர்நாடக சங்கீதமே வாசித்துக் காட்டினார்கள்.

இன்று நாம் பார்க்கும் கிட்டார் அப்படியொன்றும் பழையதல்ல. நைலான் தந்தி கிட்டாரின் உடலமைப்புக்கு வழிகாட்டியவர் ஸ்பெயின் நாட்டுத் தச்சர் அந்தோனியோ தெ தோரஸ், 19-ஆம் நூற்றாண்டுக்காரர். என் பேத்தி வைத்திருக்கும் எஃகுக் கம்பிக் கிட்டாரின் கதை அமெரிக்காவில் நடக்கிறது. ஜெர்மனியிலிருந்து 1833-ல் நியூயார்க்குக்குக் குடிபோன மார்ட்டின் என்பவரின் பட்டறை அதில் முக்கியமானது. 1920-களில் எஃகுக் கம்பி பரவியது. சத்தம் கூடியது, கூடவே இழுவிசையும் கூடியது. ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடையின் விசையோடு கழுத்தை இழுக்கின்றன. ஒரு வளர்ந்த ஆள் எந்நேரமும் தொங்கிக்கொண்டிருப்பது மாதிரி. கழுத்து வளையாமலிருக்க உள்ளே ஓர் இரும்புக் கம்பியைப் புதைத்து, அதைத் திருகி முறுக்கும் வழியைக் கிப்சன் கம்பெனி கண்டுபிடித்து 1923-ல் காப்புரிமை பெற்றது. ட்ரஸ் ராட் என்கிறார்கள்.

செட்டிநாட்டுக்காரர்களுக்குப் பிடித்த மரச் செய்தி ஒன்று. பிரேசில் நாட்டு ஈட்டி மரம் அருகிப் போனதால், 1969-ல் மார்ட்டின் கம்பெனி இந்திய ஈட்டிக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் தோதகத்திதான் அது. நம் வீட்டு நாற்காலி மரத்தின் அண்ணன் தம்பிகள் உலகமெல்லாம் மேடையேறிப் பாடிக்கொண்டிருக்கின்றன.

நம் தமிழ் வீடுகளுக்குக் கிட்டார் வந்தது பெரும்பாலும் இரண்டு வாசல் வழியாக. ஒன்று தேவாலயம், இன்னொன்று சினிமா. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கிய இளையராஜா 1976-ல் படத்துக்கு இசையமைக்க வந்தார். 1982-ல் "இளைய நிலா" பாட்டு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. வகுப்பில் பையன்கள் மரப்பட்டை ஸ்கேலை மார்பில் சாய்த்துக்கொண்டு அந்தத் தொடக்க இசையை வாசிப்பதுபோல் நடிப்பார்கள். நான் அதட்டியதுண்டு. அந்த ஸ்கேலில் ஒன்றைப் பிடுங்கி நானும் முயன்றதுண்டு, யாரும் இல்லாதபோது.

சரி, பேத்தியின் விரலுக்கு வருகிறேன்.

தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கும் என் பழைய மாணவர் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். கிட்டாரை வாங்கி ஒரு தட்டுத் தட்டியதும், "சார், இதுக்கு செட்டப்பே பண்ணலை. பெட்டியில இருந்து எடுத்தபடியே இருக்கு" என்றார். ஒரு சின்ன அளவுகோலை 12-ஆவது மெட்டின்மேல் வைத்தார். மெட்டுக்கும் தடித்த கம்பிக்கும் நடுவில் 3.5 மில்லிமீட்டர் இடைவெளி. "2.5-க்குள்ள இருக்கணும் சார். பெரியவங்களுக்கே இது கஷ்டம்."

முகப்பில் பாய் விரித்து உட்கார்ந்தார். ட்ரஸ் ராடைக் கால் திருகு முறுக்கினார். சுருதி கூட்டி, கழுத்து நிமிர்ந்ததா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு கம்பிகளைக் கழற்றி, வீணையின் குதிரை இருக்கும் இடத்தில் கிட்டாருக்கு இருக்கும் வெள்ளைப் பட்டையை எடுத்து, உப்புத்தாளில் அடிப்பக்கம் தேய்த்தார். அங்கே 1 மில்லிமீட்டர் தேய்த்தால் 12-ஆவது மெட்டில் பாதி மில்லிமீட்டர்தான் இறங்கும் என்பதால் அளந்து அளந்து தேய்த்தார். தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளங்களைச் சன்ன அரத்தால் ஆழமாக்கினார். கடைசியாக 12-ஆம் நம்பர் கம்பிக்குப் பதில் மெல்லிய 10-ஆம் நம்பர் செட் மாட்டினார். இரண்டு மணி நேரம் ஆனது. கம்பிக் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

பேத்தி வாங்கி ஒரு கார்டு பிடித்தாள். இதுவரை "டப்" என்று செத்த சத்தம் வந்த அந்த எஃப் கார்டு, முழுதாக இல்லாவிட்டாலும், பாதிக்கு மேல் ஒலித்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சா ஐயா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய்த் தங்கைக்கு போன் செய்தேன். இப்போது திருச்சியில் பேரன் பேத்திகளோடு இருக்கிறாள். 57 வருஷத்துக்கு முன்னால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். முதலில் எதைச் சொல்கிறேன் என்றே அவளுக்குப் புரியவில்லை. பிறகு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வீணை இன்னும் பரண்லதான் இருக்கா அண்ணே?" என்று கேட்டாள்.

இருக்கிறது. நேற்று இறக்கித் துடைத்தேன். மெழுகு வெடித்து, மெட்டுகள் பல் விழுந்த வாய்போல் இருக்கின்றன. குடத்தில் விரிசல் இல்லை. அடுத்த வாரம் தஞ்சாவூருக்கு எடுத்துப் போகிறேன்.

பிள்ளைக்குப் புதுக் கிட்டார் வாங்கும் பெற்றோருக்கு இந்த வாத்தியாரின் வேண்டுகோள். கடையிலேயே 12-ஆவது மெட்டில் இடைவெளியை அளந்து பாருங்கள். செட்டப் செய்துதரச் சொல்லிக் கேளுங்கள். தொடங்கும் பிள்ளைக்கு மெல்லிய கம்பி போதும். கோடையில் ஓட்டுக்கூரைக்கு அடியிலோ, வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைக்காதீர்கள். ஐப்பசி அடைமழையில் பெட்டிக்குள் வையுங்கள். பருவம் மாறும்போது ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் வரவில்லை என்றால், அப்போது பிள்ளையிடம் பொறுமையாகப் பேசலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது வாத்தியம் தூங்குகிறதா? யார் வாசித்தது, ஏன் நின்றது என்று எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.