நாணயச் சங்கமும் நம் சனங்களும்

எங்கள் தெருவில் 'சொசைட்டி' என்றால் ஒன்றுதான்: நகராட்சிப் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். இந்த முழுப்பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'சொசைட்டில லோன் போட்டிருக்கேன்', 'பிடித்தம் போக மிச்சம் இவ்ளோதான்' என்பதுதான் பேச்சு. என் அப்பா துப்புரவுப் பணியாளர். அக்கா கல்யாணமும் என் எம்.ஏ. படிப்பும் சொசைட்டிக் கடனில் நடந்தவை. தாத்தாவும் அதே வேலைதான் பார்த்தார். அவர் சங்கத்தில் சேரும்வரை, சம்பள நாளன்று வட்டிக்காரன் ஆபீஸ் வாசலிலேயே நிற்பானாம். 'அவனுக்குக் குடுத்துட்டு வெறுங்கையோட வருவாரு உங்க தாத்தா' என்று ஆயா சொல்லும். இந்தச் சங்கங்களின் வரலாற்றை நம் பக்கத்திலிருந்து எழுதிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தப் பேச்சிலிருந்துதான்.

விவசாயிகளின் கடன் தொல்லைக்கு வழி தேடி, சென்னை மாகாண அரசுக்காக பிரெடரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை தந்தார். ஜெர்மனியில் ரெய்பைசன் உருவாக்கிய கிராமக் கடன் சங்கங்களை இங்கும் கொண்டுவரச் சொன்னார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திரூரில் கிராமச் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரச் சங்கமும் பதிவாயின. கூட்டுறவு பற்றிய பாடப்புத்தகங்கள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்கும்.

ரெய்பைசன் முறையின் அடிப்படை எளிமையானது. ஒரு கிராமத்தார் ஒருவரையொருவர் அறிவார்கள். யார் நாணயமானவன் என்று தெரியும். ஒருவன் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பேற்பார்கள். சரி, இங்கே கிராமம் என்பது எது? ஊர் வேறு, சேரி வேறாயிற்றே! கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவன், சேரிக்காரன் வாங்கிய கடனுக்குப் பொறுப்பேற்பானா? ஈடு காட்ட நமக்கு நிலமும் இல்லை. ஜெர்மன் கிராமத்துக்கு எழுதிய ஏற்பாடு இங்கே வந்தபோது ஊர்த்தெருவோடு நின்றது.

1920இல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் பதவி உருவாக்கப்பட்டு, ஒடுக்கப்பட்ட மக்களின் காரியங்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்தத் துறையின் மேற்பார்வையில் ஆதிதிராவிடர்களுக்கென்று தனிக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. வீட்டுமனை வாங்கத் தவணைக் கடன் தந்தன. பண்ணையாரின் மனையில் குடிசை போட்டிருப்பவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் குடிசையைப் பிரித்துவிடுவார்கள். அவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு மனை என்றால் வாய் திறந்து பேசலாம் என்று அர்த்தம். கடன் நமக்கு முதலில் இப்படித்தான் வந்தது, அதுவும் தனிப்பந்தியில்.

நகரத் தொழிலாளியின் நிலையை 1931இல் வெளியான ராயல் தொழிலாளர் கமிஷன் அறிக்கை சொல்கிறது. பெரும்பாலான தொழில் மையங்களில் மூன்றில் இரண்டு பங்குத் தொழிலாளர்கள் கடன்காரர்கள். பலருக்கும் கடன் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி சாதாரணம். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு 75!

பிறகு 1936இல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்ட அந்தச் சட்டம், கூட்டுறவுச் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தையும் அதில் சேர்த்தது. பணியாளர் சங்கங்களுக்கு இது பெரிய பலம். சேரிக்காரன் நாணயமானவனா என்று இனி யாரும் யோசிக்க வேண்டாம். பங்குத்தொகை, மாதாமாதம் சிக்கனச் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் சம்பளப் பட்டியலிலேயே கழிந்துவிடும். ஊர் தராத நம்பிக்கையைச் சம்பளப் பட்டியல் தந்தது.

ஆனால் சாதி ஜாமீன் வழியாக உள்ளே வந்தது. கடன் மனுவில் சக உறுப்பினர் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா ஒருமுறை அலுவலக எழுத்தர் ஒருவரிடம் கேட்டிருக்கிறார். 'உங்க ஆளுங்ககிட்டயே வாங்கிக்கயேன்' என்று பதில். மறுவருஷம் அதே எழுத்தர், வேறு ஆள் கிடைக்காமல், அப்பாவிடமே வந்து நின்றார். அப்பா போட்டுக் கொடுத்தார். எனக்குக் கோபம். அப்பாவோ, 'நம்மகிட்ட ஒருத்தன் கையெழுத்து கேட்டு வந்தானே, அதப் பாருடா' என்றார். அவர் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு நான் பேசவில்லை.

நிர்வாகத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுவிலும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கு ஓர் இடம் என்று 97ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2012இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறவில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம், மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைப் பொறுத்தவரை அதைச் செல்லாததாக்கியது.

இன்று அடித்தளமே ஆட்டம் கண்டிருக்கிறது. சென்னையில் 2000இலேயே குப்பை அள்ளும் வேலை சில மண்டலங்களில் தனியாருக்குப் போனது. 2025 ஆகஸ்டில், இரண்டு மண்டலங்களைத் தனியாருக்குத் தருவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் துப்புரவுத் தொழிலாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. பணிநிரந்தரம் என்று அவர்கள் கேட்டதில் இந்தச் சொசைட்டியும் அடக்கம். எங்கள் ஊரில் ஒப்பந்தத் தொழிலாளி நகராட்சியின் சம்பளப் பட்டியலில் இல்லை. பட்டியல் இல்லாவிட்டால் பிடித்தம் இல்லை, பிடித்தம் இல்லாவிட்டால் சங்கமும் இல்லை. என் சித்தப்பா மகன் அப்படிப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளிதான். அவனுடைய ஏ.டி.எம். கார்டு வட்டிக்காரனிடம் இருக்கிறது. சம்பளம் விழுந்ததும் அவனே எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறான். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்தாயிற்று. தாத்தா காலத்தில் ஆபீஸ் வாசலில் நின்றவன் இன்று மெஷின் வாசலில் நிற்கிறான்.

கடன் கிடைப்பதா விடுதலை என்று தோழர்கள் கேட்கலாம். இல்லைதான். போதுமான சம்பளம் இருந்தால் கடன் எதற்கு? ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு சம்பள உயர்வுக்காகக் காத்திருப்பதில்லை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரன் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்றது. கூலிக்குப் பொறுப்பேற்க முடிகிற நகராட்சி, சங்கப் பிடித்தத்துக்கும் பொறுப்பேற்க முடியும். பணிநிரந்தரத்துக்கான போராட்டம் நடக்கட்டும். அதுவரை ஒப்பந்தத் தொழிலாளரையும் சங்கத்தில் சேர் என்ற கோரிக்கையையும் நம் தொழிற்சங்கங்கள் கையில் எடுக்க வேண்டும். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். சித்தப்பா மகனுக்கு ஜாமீன் போட அவரால் இனி முடியாது.