கடலுக்குப் பல் இருக்கா?



பல வருஷத்துக்கு முன் வகுப்பில் 'கடல் அரிப்பு' நடத்தியபோது பிள்ளைச்சாவடிப் பையன் ஒருவன், "சார், அரிக்கிறதுக்குக் கடலுக்குப் பல்லா இருக்கு?" என்றான். வகுப்பே சிரித்தது. உட்காரச் சொல்லிவிட்டேன். பதில் இப்போதுதான் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் எரோஷன், பிரெஞ்சில் எரோசியோன். இரண்டுக்கும் மூலம் லத்தீன் 'ரோதெரே': கொறிப்பது. எலி, அணிலைச் சொல்லும் 'ரோடன்ட்' கூட அந்த வேர்தான். ஆங்கிலத்தில் முதலில் புண் தசையைத் தின்பதைத்தான் இப்படிச் சொன்னார்கள். நிலத்துக்கு வந்தது பிறகு. நமக்கும் கரையான் புத்தகத்தை அரிக்கும், கடல் கரையை அரிக்கும். ரோமானியனுக்கும் நமக்கும் ஒரே பல் தெரிந்திருக்கிறது!

ஆனால் இந்தச் சொல் கடலை மட்டும் குற்றவாளி ஆக்குகிறது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவக்காற்றில் கொஞ்சம் திரும்பும். அலை ஒரு கையால் எடுத்தால் மறு கையால் வைக்கும். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்குக் கல் தடுப்புகள் கட்டினார்கள். மணல் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே நகரக் கடற்கரை போனது. கல் கொட்டிய இடத்தில் கரை நின்றது. கல் முடிந்த இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. பிள்ளைச்சாவடிக்கு அப்படித்தான் வந்தது.

'அலைகளின் செயல்' என்று எழுதியவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டவன் நான். அந்தப் பையன் வீடு இருந்த இடத்தில் இப்போது கருங்கல்லும் தண்ணீரும்தான். தம்பி, இதைப் படித்தால் ஒரு வரி எழுது.