கடல் விட்டுப்போன தரை

யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் காணியைச் சுற்றி வேலி அடைக்க யாரும் கிடுகு தேடி அலைய வேண்டியதில்லை. நிலத்தில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் மதில் ஆகிவிடும். சாந்து பூசாமலே அது நிற்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் கல் முழுக்கத் துளைகளும் பூப்போன்ற வரிகளும். ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடிருந்த பவளப் பூச்சிகள் கட்டிய வீடு அது. ஊரார் முருகைக்கல் என்பார்கள். ஒல்லாந்தர் 1792இல் கட்டி முடித்த யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரிலும் இதே கல்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தரையும் கடல் தந்ததுதான், ஆனால் முருகைக்கல்லை விட மிகப் பழையது. மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் என்று 1923இல் வேலண்ட், டேவிஸ் என்ற இருவர் இதை விரிவாக எழுதிவைத்தார்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டு வயது. இதில் புதைந்திருக்கும் ஒரு நுண்ணுயிரின் ஓடு, கேரளத்துக் கொல்லம் சுண்ணக்கல்லிலும் கிடைக்கிறது. கொல்லத்தையும் யாழ்ப்பாணத்தையும் அன்று ஒரே இளஞ்சூட்டுக் கடல் நனைத்திருக்கிறது.

அப்படியானால் யாழ்ப்பாணம் கண்டத்தின்மேல் ஏறிக்கொண்ட சமுத்திர ஓட்டின், அதாவது ஆழ்கடல் அடித்தரையின், துண்டா? இல்லை. இங்கே கடல் விருந்தாளிபோல வந்தது. கண்டத்தின் தாழ்ந்த ஓரத்தில் ஆழமில்லாமல் பரவி, ஓடுகளையும் சேற்றையும் படியவிட்டுப் பின்வாங்கியது. சுண்ணக்கல்லைத் துளைத்துக்கொண்டே கீழே போனால், தெற்கே வன்னியில் வெளியே தெரிகிற அதே பழம்பாறைதான் வரும்.

உண்மையான சமுத்திர ஓடு வேறு சாதி. நடுக்கடல் மலைத்தொடரில் எரிமலைக் குழம்பு உறைந்து பிறப்பது. சுமார் 7 கிலோமீட்டர் தடிப்பு. கண்டப் பாறையை விடக் கனமானது. ஆறிப் பாரமாகி, கடைசியில் ஆழ்கடல் அகழியில் பூமிக்குள்ளேயே இறங்கிவிடும். சில வேளைகளில் அந்த அகழிக்கு ஒரு கண்டமே வந்து சேர்கிறது. கண்டம் இலேசானது, விழுங்க முடியாது. தொண்டையில் சிக்கிய முள்போல அகழி அடைபட்டுப் போக, எதிர்ப்பக்கச் சமுத்திர ஓட்டின் விளிம்பு கண்டத்தின் முதுகில் ஏறிக் கிடந்துவிடுகிறது. ஓமானின் மலைகளில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்துக்கு இதைக் காணலாம். அடியில் ஓட்டுக்குக் கீழுள்ள மான்டில் அடுக்கின் பாறை, மேலே குழம்பு ஆழத்தில் மெல்ல உறைந்த கப்ரோ, அதன்மேல் நெட்டுக்குத்தான எரிமலைச் சுவர்கள், உச்சியில் தலையணை தலையணையாக உறைந்த குழம்பு. சுமார் 9½ கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிறந்த ஓடு அது.

இத்தகைய பாறைக்கு 1813இலேயே பாம்பின் பெயரை வைத்தவர் பிரெஞ்சுக்காரரான பிராஞ்னியார். மான்டில் பாறை நீரோடு கலந்து மாறும்போது பச்சைத் திட்டுகளோடு பாம்புத் தோல் மாதிரி வழவழப்பாகிவிடும். ஓபியோலைட் என்ற சொல்லின் முதற்பாதி கிரேக்கத்தில் பாம்பு.

இலங்கையில் இந்தப் பாம்புத்தோல் பாறையைத் தேடினால் வடக்கே அல்ல, தெற்கே போகவேண்டும். அம்பாந்தோட்டைப் பக்கம் உஸ்ஸன்கொடையில் செக்கச்செவேலென்ற மொட்டைத் திடல். நிக்கலும் குரோமியமும் மிகுந்த மண்ணாகையால் செடிகள் குட்டையாகவே நிற்கின்றன. இராவணன் கதையோடு அந்தச் செம்மையை முடிச்சுப் போடுகிறார்கள் ஊர்மக்கள். புவியியலாளர் சிலர், இரண்டு பழைய நிலத்துண்டுகள் மோதி ஒட்டிய தையல் அந்த வழியாகப் போகிறது என்கிறார்கள். என்ன இருந்தாலும் இராவணன் கதைதான் சுவை! தமிழ்நாட்டில் காவிரிக்கரை மணமேட்டிலும் மறைந்துபோன ஒரு சமுத்திரத்தின் எச்சம் இருப்பதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு ஆழ்கடல் எதையும் தரவில்லை. ஆழமற்ற கடல் தந்ததை வைத்தே அது பிழைத்தது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றுமில்லை. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்புநீரின்மேல் நன்னீராக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நல்லது, ஆழம் போகப் போக உப்பு. கீரிமலையில் அதே நன்னீர் கடலின் வாசலில் ஊற்றாகிறது. கல் கரைந்து எஞ்சியதே கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண்; புகையிலையும் வெங்காயமும் அதில்தான் விளைந்தன.

துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணற்றிலிருந்து எவ்வளவு நீர் வரும் என்பதை மனிதக் கால்களே தீர்மானித்தன. இயந்திரம் வந்தபின் அந்த எல்லை போயிற்று. 1 அடி இறங்கினால் 40 அடி உப்பு ஏறும் என்ற அதே கணக்கு இப்போது தலைகீழாக வேலை செய்கிறது.

கல்லையே பணமாக்கிய தொழிலும் ஒன்று இருந்தது. சுண்ணாம்புச் சூளைகளுக்குப் பிறகு, 1950இல் காங்கேசன்துறையில் இலங்கையின் முதல் சீமெந்து ஆலை எழுந்தது. தீவு முழுவதும் வீடுகளும் பாலங்களும் கட்ட, பழைய கடலடித் தரை மூட்டை மூட்டையாக ரயிலேறியது. 1990இல் போர் ஆலையை மூடிற்று. கல் அகழ்ந்த குழிகள் இன்னும் அங்கே திறந்தே கிடக்கின்றன, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில்.