வரைகலை அட்டையின் மிகைவேகமூட்டல்

உற்பத்தியாளர் குறித்த வேகத்திற்கு மேல் கணினிச் சில்லுகளை இயக்குவது மிகைவேகமூட்டல் அல்லது ஓவர்கிளாக்கிங் எனப்படும்.

1998இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ செயலி இதற்குப் புகழ்பெற்றது. தாய்ப்பலகையின் பாட்டை வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்சாக உயர்த்தினால், 300 மெகாஹெர்ட்சு செயலி 450இல் ஓடியது. வரைகலை அட்டைகளிலும் பயனர்கள் மென்பொருள்வழி வேகத்தைக் கூட்டினர். 2012இல் வந்த என்விடியா ஜியிபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 680, மின்நுகர்வு வரம்புக்குள் தன் வேகத்தைத் தானே உயர்த்திக்கொண்டது. இதனால் பயனர் கூட்டக்கூடிய இடைவெளி குறைந்தது.

பழைய மேசைக்கணினியில் எல்லையை வகுப்பது வெப்பமே. அதே வேகத்தில் மின்னழுத்தத்தை 10 விழுக்காடு உயர்த்தினாலே சில்லின் இயக்க மின்நுகர்வு ஏறத்தாழ 21 விழுக்காடு கூடும். புதுச்சேரியின் பனித்திட்டு போன்ற கடலோர ஊர்களில் கோடையில் விசிறி இழுக்கும் காற்றே சூடானது. ஆகவே தூசு நீக்கி, வெப்பப்பசையைப் புதுப்பித்தபின், மின்னழுத்தத்தைத் தொடாமல் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே பாதுகாப்பானது.