டிஜிட்டல் கேமரா: தொடக்க காலம்

லென்ஸ் வழியே வரும் ஒளியைப் பிலிமில் பதிக்காமல், சிலிக்கன் சில்லில் மின்னூட்டமாக மாற்றி எண்களாகச் சேமிக்கும் கருவி டிஜிட்டல் கேமரா. இதற்கு வழிவகுத்த சிசிடி சில்லை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் வகுத்தனர். 2009இல் இயற்பியல் நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

1975 டிசம்பரில், ராச்செஸ்டர் நகரின் கோடாக் ஆய்வகத்தில், ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் முதல் கருவியை இயக்கிக் காட்டினார். சூப்பர்-8 சினிமா கேமராவின் லென்ஸ், ஒரு சிசிடி, 16 பேட்டரிகள், பதிவுக்கு ஒரு கேசட் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் பூட்டியது அது. எடை சுமார் 3.6 கிலோ. 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் கேசட்டில் ஏற 23 வினாடி பிடித்தது; பார்க்கத் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும். கேசட் ஒன்றுக்கு 30 படம் என்று வரம்பு வைத்தார் சாசன். பிலிம் ரோலின் 24க்கும் 36க்கும் நடுவே விழுந்த கணக்கு அது. பிலிமை ஒழிக்க வந்த கருவி பிலிமின் கணக்கிலேயே பிறந்தது வேடிக்கைதான். 1978இல் காப்புரிமை கிடைத்தது. பிலிம் விற்றுப் பிழைத்த நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவர அவசரப்படவில்லை.

அதே கோடாக்கில் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி அமைதியாக உலகை வென்றது. சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொரு பங்கு, மனிதக் கண் நுட்பமாக உணரும் பச்சைக்கு இரண்டு பங்கு: இன்றைய பெரும்பாலான கேமராச் சில்லுகள் இந்த அடுக்கையோ இதன் வழிவந்ததையோதான் சுமக்கின்றன.

சோனி 1981இல் காட்டிய மாவிகாவை முதல் டிஜிட்டல் கேமரா என்பது பிழை. அது வட்டில் அனலாக் சமிக்ஞையைப் பதித்தது. கோடாக் 1991இல் நிக்கான் எஃப்3 உடலில் பொருத்தி விற்ற டிசிஎஸ், 1.3 மெகாபிக்சல் தந்தது. விலை சுமார் 20,000 டாலர். சேமிப்புப் பெட்டியைத் தோளில் தனியே மாட்டிக்கொள்ள வேண்டும். ஆயினும் படத்தைக் கழுவாமலே அச்சுக்கு அனுப்பும் வசதி பத்திரிகைக்காரர்களுக்குப் பெரிதாகப்பட்டது.

பொதுமக்களின் பழக்கத்தை மாற்றியது 1995இல் விற்பனைக்கு வந்த கேசியோ க்யூவி-10. அதன் படம் 320க்கு 240 புள்ளிதான். தரம் என்று பார்த்தால் மலிவான பிலிம் கேமராவுக்கே ஈடாகாது. ஆனால் பின்புறத்தில் 1.8 அங்குலத் திரை இருந்தது. எடுத்தவுடன் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் பிலிம் செலவு, கழுவும் கூலி என்று யோசித்த கை தாராளமாயிற்று. நவீன ஒளிப்படம் தொடங்கியது மெகாபிக்சலில் அல்ல, இந்தத் திரையில்தான் எனலாம்.

மற்றவை வேகமாக நடந்தன. 1999இல் நிக்கான் டி1 செய்தியாளர் கைக்கு வந்தது. சிசிடியைவிடக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிமாஸ் சில்லு, 2000இல் கேனான் டி30 வழியே லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்எல்ஆர் கேமராக்களில் நுழைந்து, பின்னர் கைபேசிகளை நிறைத்தது.

கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. சாசனின் கண்டுபிடிப்பை மூடிவைத்ததே காரணம் என்பது பாதி உண்மை. 2005இல் அமெரிக்க டிஜிட்டல் கேமரா விற்பனையில் அந்நிறுவனமே முதலிடத்தில் இருந்தது. கேமராவை ஒருமுறைதான் விற்க முடியும். பிலிமை மாதாமாதம் விற்கலாம். அந்த வருமானத்துக்கு மாற்று அதனிடம் இருக்கவில்லை.