ஆறு புள்ளிகளின் வரலாறு

எழுத்து எவருக்கு உரியது? பார்வையற்றோர் எழுத்துப் பெற்ற வரலாறு இவ்வினாவுக்குத் தக்க விடை தருகின்றது.

1785ஆம் ஆண்டில் வலந்தான் அயுயி என்பார் பாரிஸ் நகரிலே பார்வையற்ற சிறார்க்கெனப் பள்ளியொன்றை நிறுவினார். உரோம எழுத்துக்களைத் தடித்த தாளிற் புடைத்து நிற்கும்படி அச்சிட்டு, விரலால் தடவிப் படிக்கச் செய்தார். அது பெருந்தொண்டே. ஆயினும் அவ்வெழுத்துக் கண்ணுக்கென அமைந்தது; விரலுக்கென அமைந்ததன்று. நூல்கள் பெருஞ்சுமையாயின, வாசிப்பும் மந்தமாயிற்று. அனைத்துக்கும் மேலாக, அம்முறையிலே மாணவர் தம் கையால் எழுதுதல் அரிதாயிருந்தது. பிறர் கருத்தைப் பெறலாம். தம் கருத்தைத் தர இயலாது!

1819இல் அப்பள்ளிக்கு வந்தான் பத்து வயதுச் சிறுவன் லூயி பிறெயில். சேணம் தைக்கும் தொழிலாளியின் மகன். மூன்று வயதிலே தந்தையின் பட்டறையில் கருவியொன்று கண்ணிற் குத்தியதனாற் பார்வை இழந்தவன். சார்ல் பார்பியே என்னும் படையதிகாரி வகுத்த புள்ளியெழுத்தை அவன் பள்ளியிலே அறிந்தான். அதில் ஓர் அடையாளத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டியிருந்தன. விரல்நுனி ஒரே தொடுகையில் உணரத்தக்க ஆறு புள்ளிகளாக அதனைச் சுருக்கி, 63 அடையாளங்களை வகுத்தான் அவ்விளைஞன். அம்முறை 1829இல் நூலாக வெளிவந்தது. ஓர் ஊசியும் சட்டமும் இருப்பின் எவரும் எழுதலாம்.

ஆனால், 1840இல் தலைமைப் பதவி ஏற்ற துபோ இம்முறையைத் தடைசெய்தார். கண்ணுள்ளோர் அறியாத எழுத்து மாணவரைச் சமுதாயத்தினின்றும் பிரித்துவிடும் என்பது எதிர்ப்போர் வாதம். மாணவரோ மறைவாக அதனைப் பயின்றனர். அவர்தம் உறுதியே தடையை வென்றது. 1852இல் பிறெயில் மறைந்தார். 1854இலேயே பிரான்சு அம்முறையை முறைப்படி ஏற்றது. 1951இல் யுனெஸ்கோ பெய்ரூத் நகரிற் கூட்டிய மாநாட்டின் வழியாகத் தமிழ் உள்ளிட்ட நம் பிராந்திய மொழிகளுக்கும் பொதுவான புள்ளியெழுத்து அமைந்தது.

இன்று கணினித் திரையிலுள்ளதைக் குரலாக்கும் திரைவாசிப்பான்கள் உள. அவற்றுள் விலையின்றிக் கிடைக்கும் என்.வி.டி.ஏ.யை 2006இல் ஆக்கத் தொடங்கியவர், பார்வையற்ற அவுஸ்திரேலியரான மைக்கல் கரன். மீண்டும் தேவையை உணர்ந்தவரே கருவியைப் படைத்தார்.

நாம் செய்வது யாது? பாமினி எழுத்துருவிலே தட்டச்சிட்ட கட்டுரையைக் கணினி ஆங்கில எழுத்துக்களாகவே கொள்கின்றது. வாசிப்பானின் குரலிலே பொருளற்ற ஒலிகள் எழுகின்றன. படமாக்கப்பட்ட வினாத்தாளிலோ அது வாசிப்பதற்கு எழுத்தே இல்லை. நம் கண்ணுக்கு அழகாயிருப்பதனால் இக்குறை நமக்குப் புலப்படுவதில்லை. துபோவின் தடை கட்டளையாய் வந்தது. நம் தடை பழக்கமாய் நிற்கின்றது. ஒருங்குறியில் எழுதுவதற்கு நமக்குச் செலவில்லை. ஆசிரியரும் எழுத்தாளரும் பதிப்பாளரும் இப்பழக்கத்தை மாற்றுவோமாயின், அது எவருக்கும் நாம் இடும் பிச்சையன்று. அவர்தம் உரிமையைத் தடுத்து நின்ற நாம் வழிவிட்டு விலகுவதேயாகும்.