நீக்கத் தெரிந்த கருவி: டெபியன் பொதி மேலாண்மையின் தொடக்க வரலாறு

1990களின் தொடக்கத்தில் யுனிக்ஸ் வகைக் கணினிகளில் ஒரு மென்பொருளை நிறுவுவதென்பது, அதன் மூலநிரலைச் சுருக்கிய கோப்பாகப் பெற்று விரித்து, 'மேக்' என்னும் கட்டளையால் இயங்கும் நிரலாக மாற்றி, 'மேக் இன்ஸ்டால்' என்னும் கட்டளையால் உரிய அடைவுகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகவே பெரும்பாலும் இருந்தது. இயங்கும் நிரல் ஓர் அடைவுக்கும், பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்திக்கொள்ளும் துணைநிரல்களின் தொகுதியாகிய நிரலகம் மற்றோர் அடைவுக்கும், கையேட்டுப் பக்கம் வேறோர் அடைவுக்கும் போய்விட, எந்தக் கோப்பு எதனோடு வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் மிஞ்சவில்லை. நிறுவுவதற்குச் சில கட்டளைகள் போதுமாயிருக்க, நீக்குவதற்கு மட்டும் நிறுவியவரின் நினைவாற்றலையே நம்பவேண்டியிருந்தது.

1992இல் பீட்டர் மெக்டொனால்ட் வெளியிட்ட எஸ்எல்எஸ் என்னும் லினக்ஸ் வழங்கலும், அதிலிருந்து 1993இல் பாட்ரிக் வால்கர்டிங் உருவாக்கிய ஸ்லாக்வேரும் மென்பொருள்களைப் பொதிகளாக, அதாவது வேண்டிய கோப்புகள் அனைத்தையும் ஒன்றாகக் கட்டிய கோப்புகளாக, வழங்கின. ஸ்லாக்வேர் ஒவ்வொரு பொதியின் கோப்புப் பட்டியலையும் குறித்துவைத்ததால் அதில் நீக்குவது இயன்றது. ஆனால் ஒரு பொதி இயங்க வேறு எந்தப் பொதி தேவை என்ற செய்தி அதில் இல்லை. ஒருவரே முழு வழங்கலையும் கவனித்துக்கொள்ளும்வரை இது பெருங்குறையாகத் தெரியவில்லை. 1993 ஆகஸ்ட் 16 அன்று, பர்டியூ பல்கலைக்கழக மாணவராயிருந்த இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தபோது நிலைமை மாறியது. முகமறியாத தன்னார்வலர்கள் பலர் ஆளுக்குச் சில பொதிகளைப் பராமரிக்கும் ஏற்பாட்டில், ஒருவர் செய்த பொதி மற்றவர் செய்ததன் கோப்பை அழித்துவிடக் கூடாது என்பதற்கும், இன்னது இன்னதைச் சார்ந்தது என்பதற்கும் எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதிகள் வேண்டியிருந்தன. டெபியனின் பொதி மேலாண்மை, தொழில்நுட்பத் திறமையைக் காட்டிலும், இந்தக் கூட்டுழைப்பின் தேவையிலிருந்தே பிறந்தது எனலாம்.

1994 ஜனவரியில் மர்டாக் ஷெல் மொழியில் எழுதிய 'டிபிகேஜி' என்னும் கருவியை, மாட் வெல்ஷ், கார்ல் ஸ்ட்ரீட்டர் ஆகியோருடன் சேர்ந்து அவரே பெர்ல் மொழிக்கு மாற்றினார். அதே ஆண்டில் இயன் ஜாக்சன் அதன் முதன்மைப் பகுதியை சி மொழியில் திரும்ப எழுதினார். பின்னர் நிலைபெற்ற '.டெப்' கோப்பு மூன்றே உறுப்புகளைக் கொண்டது: வடிவத்தின் பதிப்பெண்ணைத் தாங்கும் சிறு உரைக்கோப்பு ஒன்று, பொதியின் பெயர், பதிப்பு, சார்புகள் ஆகிய விவரங்கள் அடங்கிய கட்டு ஒன்று, கணினியில் வைக்கப்படவேண்டிய கோப்புகளின் கட்டு ஒன்று. யுனிக்ஸில் ஏற்கெனவே வழங்கிய 'ஏஆர்', 'டார்' என்னும் கருவிகளைக் கொண்டே இதைப் பிரித்துவிட முடியும் என்பதால், டிபிகேஜி பழுதுபட்ட கணினியிலும் பொதியின் உள்ளடக்கத்தை மீட்கலாம்.

நீக்கும் முறையில்தான் இக்கருவியை வடிவமைத்தவர்களின் தெளிவு நன்கு புலப்படுகிறது. பொதியை நீக்கச் சொன்னதும் டிபிகேஜி முதலில் அப்பொதியோடு வந்த நீக்கலுக்கு முந்தைய சிறுநிரலை இயக்கி, இயங்கிக்கொண்டிருக்கும் சேவை ஏதேனும் இருந்தால் நிறுத்தச் செய்கிறது. பின் தன் பட்டியலில் உள்ள கோப்புகளை அழிக்கிறது. இறுதியில் நீக்கலுக்குப் பிந்தைய சிறுநிரலை இயக்குகிறது. அமைவுக் கோப்புகளை, அதாவது மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பயனர் திருத்தி எழுதும் கோப்புகளை, அது அழிப்பதில்லை. அவையும் போகவேண்டுமானால் 'பர்ஜ்' என்னும் முற்றான நீக்கத்தைத் தனியாகக் கேட்கவேண்டும். இடைப்பட்ட நிலையில் உள்ள பொதிகள் டிபிகேஜி காட்டும் பட்டியலில் 'ஆர்சி' என்னும் ஈரெழுத்துக் குறியோடு நிற்கின்றன: முதலெழுத்து நீக்கம் கோரப்பட்டதையும், அடுத்த எழுத்து அமைவுக் கோப்புகள் மட்டும் எஞ்சியிருப்பதையும் சுட்டும். பொதியின் புதிய பதிப்பு வரும்போதும் இதே நெறிதான். பயனரும் கோப்பைத் திருத்தியிருந்து, பராமரிப்பாளரும் மாற்றியிருந்தால், எதை வைத்துக்கொள்வது என்று கருவி கேட்கிறது, விடை சொல்லாமல் என்டர் விசையைத் தட்டினால் பயனருடையதே நிலைக்கிறது. கணினியில் ஒருவர் கைப்படச் செய்த உழைப்பு அவருக்கே உரியது என்னும் இந்த மரியாதை டெபியனின் கொள்கை ஆவணத்தில் விதியாகவே எழுதப்பட்டது. மென்பொருள் வரலாற்றில் இதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

ஆயினும் டிபிகேஜி, தேவையான சார்பு இல்லையென்றால் அதைச் சுட்டிக்காட்டி நின்றுவிடுமே தவிர, தானே தேடிக் கொண்டுவராது. 1995இல் ரெட் ஹாட் நிறுவனத்தில் மார்க் யூயிங்கும் எரிக் ட்ரோனும் உருவாக்கிய ஆர்பிஎம் கருவிக்கும் இவ்வெல்லை இருந்தது. ஒரு பொதிக்காக மற்றொன்றையும், அதற்காக வேறொன்றையும் தேடியலைந்த அந்நாளைய நிர்வாகிகளின் பாடு சிறிதன்று. டெபியனில் 1998இல் வெளிவரத் தொடங்கி, 1999 மார்ச்சில் 2.1 பதிப்போடு பரவலாகிய 'ஆப்ட்' இதைத் தீர்த்தது. களஞ்சியம் எனப்படும் பொதிச் சேமிப்பிடத்தின் பட்டியலைப் படித்து, சார்புச் சங்கிலி முழுவதையும் கணித்து, உரிய வரிசையில் பதிவிறக்கி, நிறுவும் பணியை அது டிபிகேஜியிடமே ஒப்படைத்தது. சார்பாக வந்தவை எவை, பயனர் விரும்பிக் கேட்டவை எவை என்று பிரித்துக் குறிக்கும் வழக்கம் பின்னர் சேர்ந்ததால், கேட்டது நீங்கியபின் தேவையற்றுப்போன துணைப்பொதிகளை 'ஆட்டோரிமூவ்' கட்டளையால் ஒருங்கே அகற்றவும் முடிந்தது.

இத்தனைக்கும் அடிப்படையான பதிவேடு, வார் அடைவினுள் லிப் அடைவில் டிபிகேஜி என்னும் பெயரில் உள்ள இடத்தில் 'ஸ்டேட்டஸ்' என்னும் சாதாரண உரைக்கோப்பாக இன்றும் இருக்கிறது. டெபியனோ உபுண்டுவோ பயன்படுத்துவோர் எவரும் தனி அனுமதி எதுவுமின்றி அதைத் திறந்து, தம் கணினியில் உள்ள ஒவ்வொரு பொதியும் எந்த நிலையில், எவற்றைச் சார்ந்து நிற்கிறது என்பதை ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டும்.